டைரக்டரி சர்வரோடு செயலியின் லாகினை இணைக்கும்போது

கேட்கப்பட்டது இது. ஒரு நிறுவனத்துக்குள் விடுப்பு, பயணச் செலவு ஆகியவற்றுக்கான செயலி ஒன்று ஜாங்கோ என்ற பைத்தான் வலைச் சட்டகத்தில் எழுதப்பட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இதுவரை அதன் சொந்தத் தரவுத்தளத்தில் இருந்தன. ஊழியர்கள் காலையில் கணினியைத் திறக்கும் அதே பெயரும் கடவுச்சொல்லும் இனி இங்கும் செல்ல வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. ஊழியர்களின் கணக்குகளை வைத்திருக்கும் மைக்ரோசாஃப்டின் டைரக்டரி சர்வரான ஆக்டிவ் டைரக்டரி ஏற்கெனவே இருக்கிறது. அதோடு பேசுவதற்கான நெறிமுறையான எல்டேப்பின் 389-ஆம் போர்ட்டில் சோதித்தபோது சிலர் உள்ளே வந்துவிடுகிறார்கள், சிலருக்கு 49 என்ற பிழை வருகிறது. மறைப்புள்ள இணைப்புக்கான 636-ஆம் போர்ட்டில் இணைப்பே கிடைக்கவில்லை. எல்லாருடைய கடவுச்சொற்களையும் இரவோடு இரவாக நகலெடுத்து வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இருக்காதே என்பதும் கேள்வியின் ஒரு பகுதி.

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கடவுச்சொற்களை அப்படி நகலெடுக்க முடியாது. ஆக்டிவ் டைரக்டரியில் கடவுச்சொல்லைத் தாங்கும் பண்பை எல்டேப் வழியாக மாற்றி எழுதலாமே தவிரப் படிக்க இயலாது. நிர்வாகி கணக்கிலிருந்து கேட்டாலும் அது வராது. வேறு வழிகளில் எடுக்க முடிந்தாலும், ஒரு நிறுவனத்தின் அத்தனை கடவுச்சொல் ஹாஷ்களையும், அதாவது கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்டு வைத்த உருமாறிய வடிவங்களையும், விடுப்புச் செயலியின் தரவுத்தளத்தில் கொண்டுவந்து குவிப்பதை எந்தத் தணிக்கையும் ஏற்காது. ஆகவே ஒவ்வொரு லாகினுக்கும் டைரக்டரியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

என்ன கேட்கிறோம் என்பதைப் பிரித்துக்கொள்வதில்தான் விஷயம் இருக்கிறது. இந்தப் பெயருக்கு உரியவர் யார் என்பது ஒரு கேள்வி. அதற்கு எல்டேப்பின் தேடல் விடை தருகிறது. அவர் தந்த கடவுச்சொல் அவருடையதுதானா என்பது இரண்டாவது. அதற்கு பைண்ட் என்ற செயல் விடை தருகிறது, அதுவும் மறைமுகமாகத்தான். அவர் இந்தச் செயலிக்குள் என்னென்ன செய்யலாம் என்பது மூன்றாவது. அதற்கான விடையில் ஒரு பங்கு டைரக்டரியிலும் மறு பங்கு உங்கள் செயலியிலும் இருக்கும். இணைப்பு வேலைகளில் நான் கண்ட பெரும்பாலான சிக்கல்கள் இந்த மூன்றையும் ஒரே அழைப்பில் முடித்துவிட முயன்றதால் வந்தவை.

பைண்ட் மறைமுகமான விடையே தருகிறது என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. எல்டேப் லாகினுக்காகப் பிறந்ததல்ல. 1988-இல் தரப்படுத்தப்பட்ட எக்ஸ்.500 என்ற கனமான டைரக்டரி முறையைச் சாதாரணக் கணினிகளிலிருந்து எளிதாக அணுகுவதற்காக மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 1993-இல் ஆர்எஃப்சி 1487 என்ற எண்ணுள்ள இணைய வரையறை ஆவணமாக வெளிவந்தது. இன்று நடப்பில் இருக்கும் மூன்றாம் பதிப்பின் வரையறை 2006-இல் வந்த ஆர்எஃப்சி 4511-உம் அதனோடு சேர்ந்து வந்தவையும். இவற்றில் பைண்ட் என்பது, திறந்திருக்கும் ஓர் இணைப்பு இனி யாருடைய பெயரில் இயங்கும் என்று தீர்மானிக்கும் செயல். கடவுச்சொல்லைச் சரிபார்த்து ஆம், இல்லை என்று சொல்வதற்காக அது எழுதப்படவில்லை. பைண்ட் வெற்றி பெற்றால் கடவுச்சொல் சரியாகத்தான் இருக்க வேண்டும் என்று நாம்தான் ஊகித்துக்கொள்கிறோம். அந்த ஊகம் பிசகும் இடங்கள் இரண்டு, இரண்டுமே ஆபத்தானவை.

முதலாவது வெற்றுக் கடவுச்சொல். பெயரைக் கொடுத்து, கடவுச்சொல்லைக் காலியாக விட்டு பைண்ட் செய்தால், ஆர்எஃப்சி 4513 அதைச் சரிபார்ப்பில்லாத பைண்ட் என்ற தனி வகையாகக் கொள்கிறது; அதை ஏற்கும் சர்வர் அந்த இணைப்பை அநாமதேய இணைப்பாக்கி வெற்றி என்ற விடையைத் திருப்பி அனுப்பும். ஓபன்எல்டேப் என்ற திறமூல டைரக்டரி சர்வர் இதை இயல்பாக மறுத்துவிடுகிறது. ஆக்டிவ் டைரக்டரி இயல்பாக ஏற்கிறது. மறுக்கச் சொல்லும் அமைப்பு விண்டோஸ் சர்வர் 2019-இலிருந்துதான் கிடைக்கிறது, அதையும் நிர்வாகி தேடிப் போய் இயக்க வேண்டும். விளைவு என்ன? நிதி மேலாளரின் பயனர் பெயரை மட்டும் தட்டச்சு செய்து, கடவுச்சொல் பெட்டியைத் தொடாமல் பொத்தானை அழுத்தும் எவரும் நிதி மேலாளராக உள்ளே வந்துவிடலாம். உலாவியில் அந்தப் பெட்டியைக் கட்டாயம் ஆக்குவது காப்பு ஆகாது. கோரிக்கையை நேரடியாக அனுப்புகிறவருக்கு உலாவி தேவையில்லை. டைரக்டரியை அழைப்பதற்கு முந்தைய வரியில், சர்வர் பக்கத்து நிரலில், கடவுச்சொல் காலி என்றால் அங்கேயே மறுத்துவிட வேண்டும். ஜாங்கோவுக்கான எல்டேப் நூலகம் இதை இயல்பாகச் செய்கிறது. அதை மாற்றும் அமைப்பைத் தொடாதீர்கள். சொந்தமாக எழுதிய நிரல் என்றால் இன்றே போய் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு.

இரண்டாவது, இணைப்புகளைச் சேமித்து மறுபடி பயன்படுத்தும் பூல். தேடலுக்காக, ஆளுக்கல்லாமல் செயலிக்கென்றே தரப்பட்ட ஒரு சேவைக் கணக்கின் பெயரில் திறந்து வைத்த இணைப்பிலேயே பயனரின் கடவுச்சொல்லையும் பைண்ட் செய்து பார்த்தால், அந்தக் கணம் முதல் அந்த இணைப்பு பயனருடையதாகிவிடுகிறது. அடுத்த ஆளுக்கான தேடல் அந்தப் பயனரின் உரிமைகளோடு நடக்கும். பைண்ட் தோற்றிருந்தால் அநாமதேயமாக நடந்து எதுவும் கிடைக்காமல் திரும்பும். சோதனையில் ஒரே ஆள் உள்ளே போய் வெளியே வரும்போது இது தெரிவதில்லை. திங்கட்கிழமை காலை எல்லாரும் ஒரே நேரத்தில் நுழையும்போது, பயனர் இல்லை என்ற பிழை இங்கொன்றும் அங்கொன்றுமாக வரும். மறுபடி முயன்றால் சரியாகிவிடும். காரணம் மட்டும் யாருக்கும் பிடிபடாது. தேடலுக்குத் தனி இணைப்பு, கடவுச்சொல் சோதனைக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறந்து உடனே மூடும் இன்னோர் இணைப்பு என்று வைத்துக்கொண்டால் இது எழாது.

இனி வழக்கமான ஓட்டத்தைப் பார்ப்போம். சேவைக் கணக்கு ஒன்றால் பைண்ட் செய்து, பயனர் தட்டிய பெயரை வைத்துத் தேடி, கிடைத்த பதிவின் முழுப் பெயரை எடுத்து, அந்த முழுப் பெயரோடும் பயனர் தந்த கடவுச்சொல்லோடும் வேறோர் இணைப்பில் பைண்ட் செய்வது. முழுப் பெயர் என்பது மரத்தின் கிளை முதல் வேர் வரை சொல்லும் முகவரி: சிஎன்=கவிதா, ஓயு=கணக்குப் பிரிவு, டிசி=அலுவலகம், டிசி=லோக்கல் என்பது போல. சிஎன் என்பது பதிவின் பெயர், ஓயு என்பது பிரிவு, டிசி என்பது டொமைன் (ஒரே நிர்வாகத்தின் கீழுள்ள கணக்குகளும் கணினிகளும் சேர்ந்த வட்டம்) பெயரின் ஒரு துண்டு. இதைச் செயலியே ஒட்டுப் போட்டுத் தயாரிக்கக் கூடாது. கவிதா நாளை கொள்முதல் பிரிவுக்கு மாறினால் நடு ஓயு மாறிவிடும். பெயருக்குள் ஒரு காற்புள்ளி இருந்தாலே ஒட்டுப்போட்ட முகவரி உடைந்துவிடும். தேடிக் கிடைத்ததை அப்படியே பயன்படுத்த வேண்டும்.

தேடலின் நிபந்தனையைச் சொல்லும் ஃபில்டரில் கவனிக்க வேண்டியவை சில. பண்புகளின் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். நிரலில் அவற்றின் சொந்த எழுத்தில்தான் வர வேண்டும். விண்டோஸில் நுழையும் பெயர் சாம்-அக்கவுண்ட்-நேம் என்ற பண்பில் இருக்கிறது. மின்னஞ்சல் முகவரி போலத் தோன்றும் யூசர்-பிரின்சிபல்-நேம் வேறு, மெயில் என்ற பண்பு வேறு. பல நிறுவனங்களில் இவை ஒத்துப்போகும், சிலவற்றில் போகாது. சாம்-அக்கவுண்ட்-நேம் பயனர்களுக்கு 20 எழுத்துக்கு மேல் செல்லாது. மீனாட்சிசுந்தரேஸ்வரன் என்பதை ஆங்கில எழுத்தில் வழக்கம்போல எழுதினால் 22 எழுத்து ஆகிறது. அவருடைய மின்னஞ்சலில் முழுப்பெயரும் விண்டோஸ் பெயரில் வால் வெட்டப்பட்ட பெயரும் இருக்கும். மின்னஞ்சலின் முன்பாதியை எடுத்து சாம்-அக்கவுண்ட்-நேம் என்று கொள்ளும் நிரலில் இவரைப் போன்றவர்கள்தாம் சிக்குவார்கள். சிலர் மட்டும் நுழைய முடியவில்லை என்ற உங்கள் புகாரில் இப்படி யாராவது இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

பயனர் தட்டியதை ஃபில்டருக்குள் அப்படியே செருகுவது இன்னொரு தவறு. பயனர் தட்டியது தரவுத்தளக் கட்டளையின் பகுதியாகிவிடும் எஸ்கியூஎல் ஊடுருவல் பற்றி எல்லாரும் படித்திருக்கிறார்கள். எல்டேப் ஃபில்டரிலும் அதுவே நடக்கும் என்பதைப் பலர் நினைப்பதில்லை. பெயர்ப் பெட்டியில் ஒரு நட்சத்திரக் குறியைத் தட்டினால் தேடல் எல்லாப் பயனர்களையும் கொண்டுவரும். முதலில் வந்தவரை எடுத்துக்கொள்ளும் நிரல் அவருடைய பெயரில் சோதனையைத் தொடங்கிவிடும். நட்சத்திரக் குறி, இரு அடைப்புக்குறிகள், பின்சாய்வுக் கோடு, சுழி எழுத்து ஆகியவற்றைப் பின்சாய்வோடு கூடிய பதினறும எண்களாக மாற்ற வேண்டும் என்று ஆர்எஃப்சி 4515 சொல்கிறது. நட்சத்திரம் \2a ஆகும், பின்சாய்வு \5c ஆகும். பைத்தானின் எல்டேப் நூலகத்தில் இதற்கான செயல்கூறு உண்டு. கையால் எழுதத் தேவையில்லை. அதோடு, தேடலில் சரியாக ஒரே ஒரு பதிவு கிடைத்தால் மட்டுமே தொடர வேண்டும். இரண்டு வந்தால் மறுத்துவிடுங்கள், காரணத்தைச் செயலியின் நிகழ்வுப் பதிவேடான லாகில் எழுதுங்கள்.

அந்த ஒன்றை எண்ணும்போதே ஒரு சிறு பொறி இருக்கிறது. டொமைனின் வேரிலிருந்து தேடினால் ஆக்டிவ் டைரக்டரி உண்மையான பதிவோடு, வேறிடத்தில் போய்க் கேள் என்னும் சுட்டுகளையும் சேர்த்து அனுப்பும். பைத்தானில் இவை முழுப் பெயர் இல்லாத வரிகளாக வந்து நிற்கும். எண்ணிப் பார்த்தால் ஒருவருக்கு நான்கு பதிவுகள் இருப்பது போலத் தோன்றும். நூலகம் அந்தச் சுட்டுகளைத் தானே பின்தொடரப் போனால், அங்கே அநாமதேயமாகப் போய் நின்று, முதலில் பைண்ட் செய்யுங்கள் என்ற பிழையை வாங்கி வரும். பைண்ட் செய்த பிறகுதானே தேடினோம் என்று குழம்பிப் போவோம். சுட்டுகளைப் பின்தொடர வேண்டாம் என்ற அமைப்பை வைத்துவிட்டு, பெயரில்லாத வரிகளை விலக்கி எண்ணினால் போதும். ஒரே ஃபாரஸ்டில், அதாவது ஒன்றாக இணைந்த டொமைன் தொகுப்பில், பல டொமைன்கள் இருந்தால், 3268 அல்லது டிஎல்எஸ் என்ற மறைப்பு முறைக்கான 3269-ஆம் போர்ட்டில் உள்ள, எல்லா டொமைன்களின் பதிவுகளும் சுருக்கமாக இருக்கும் குளோபல் கேட்டலாகைக் கேட்பது நல்ல வழி. ஆனால் எல்லாப் பண்புகளும் அங்கே இருக்காது.

சேவைக் கணக்குக்கு டொமைன் அட்மின் உரிமை கேட்டு வாங்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தேவையே இல்லை. சாதாரண டொமைன் பயனருக்கு இருக்கும் படிக்கும் உரிமை இந்த வேலைக்குப் போதும். கவனிக்க வேண்டியது அதன் கடவுச்சொல்லின் ஆயுள். ஆக்டிவ் டைரக்டரியின் இயல்பான கொள்கையில் கடவுச்சொல் 42 நாளில் காலாவதியாகும். சேவைக் கணக்கைச் சாதாரணக் கணக்காகவே உருவாக்கி மறந்துவிட்டால், எல்லாம் நன்றாக ஓடி, பாராட்டும் வாங்கி, ஒன்றரை மாதம் கழித்து ஒரு காலையில் ஒருவராலும் உள்ளே வர முடியாது. காலாவதி ஆகாத நீண்ட கடவுச்சொல்லா, குறித்த காலத்தில் மாற்றும் ஏற்பாடா என்பதை சிஸ்டம் நிர்வாகியோடு பேசி முடிவு செய்யுங்கள். எதுவானாலும் அந்தக் கடவுச்சொல், நிரலைச் சேமிக்கும் கிட் களஞ்சியத்துக்குள் போகக் கூடாது.

சேவைக் கணக்கே இல்லாமலும் செய்யலாம். ஆக்டிவ் டைரக்டரி பைண்டுக்கு முழுப் பெயரைத்தான் தர வேண்டும் என்று வற்புறுத்துவதில்லை. யூசர்-பிரின்சிபல்-நேமையோ, டொமைன் பெயரும் பின்சாய்வும் சேர்ந்த பழைய வடிவத்தையோ ஏற்கும். பயனர் தந்ததை வைத்தே பைண்ட் செய்து, அதே இணைப்பில் அவருடைய பதிவைப் படித்துக்கொள்ளலாம். சிறு செயலிக்கு இது போதும். ஆனால் லாகின் இல்லாத நேரத்தில் யார் வேலையில் இருக்கிறார், யார் போய்விட்டார் என்று பார்க்க வேண்டிய தேவை ஒருநாள் வந்தே தீரும். அதனால் என் தேர்வு சேவைக் கணக்குதான்.

636-க்கு வருவோம். அந்த போர்ட் திறந்திருப்பது போலத் தோன்றி, கை கொடுத்தவுடன் அறுந்துபோனால், ஆக்டிவ் டைரக்டரி ஓடும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரில் தகுந்த சான்றிதழ் இல்லை என்பதே பெரும்பாலும் காரணம். சர்வர் அடையாளத்துக்கான பயன்பாட்டுக் குறிப்போடு, கன்ட்ரோலரின் முழு டிஎன்எஸ் பெயரைத் தாங்கிய சான்றிதழும் அதன் தனித் திறவுகோலும் அந்த இயந்திரத்தில் இருந்தால்தான் அது டிஎல்எஸ் பேசும். நிறுவனத்துக்குள் மைக்ரோசாஃப்டின் சான்றிதழ்ச் சேவை நிறுவப்பட்டிருந்தால் கன்ட்ரோலர்கள் பெரும்பாலும் தாமாகவே சான்றிதழ் பெற்றுக்கொள்கின்றன. இல்லையென்றால் நிர்வாகி வாங்கி வைக்க வேண்டும். ஓபன்எஸ்எஸ்எல்லின் எஸ்-கிளையன்ட் கட்டளையால் 636-ஐத் தட்டிப் பார்த்தால் எந்தச் சான்றிதழ் வருகிறது, எந்தப் பெயருக்கு, என்றைக்கு முடிகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். பைத்தான் நூலகம் சொல்வதை மட்டும் நம்பி உட்காராதீர்கள்: கம்பி அறுந்திருந்தாலும், ஃபயர்வால் தடுத்தாலும், சான்றிதழ் பிடிக்கவில்லை என்றாலும் அது தருவது சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்ற ஒரே வாசகம்தான்.

சான்றிதழ் சரியாக இருந்தும் செயலி ஏற்காவிட்டால், உள் சான்றிதழ் அதிகாரியின் வேர்ச் சான்றிதழ் செயலி ஓடும் இடத்தில் இல்லை என்று பொருள். டாக்கர் கன்டெய்னருக்குள், அதாவது தனக்கென்று கோப்புகள் கொண்ட தனிப் பெட்டி போன்ற சூழலுக்குள், ஓடும் செயலிகளில் இது அநேகமாக நிச்சயம். உங்கள் மடிக்கணினியில் டொமைனில் சேர்ந்தபோதே வந்துவிட்ட வேர்ச் சான்றிதழ் கன்டெய்னருக்குள் வந்திருக்காது. அதைக் கோப்பாகக் கொண்டுபோய் வைத்து நூலகத்துக்கு இடத்தைக் காட்டுங்கள். ஐபி முகவரியால் இணைக்காமல் சான்றிதழில் உள்ள பெயரால் இணையுங்கள். ஜாவாவில் 2018 ஜூலையில் வந்த 8-ஆம் பதிப்பின் 181-ஆவது புதுப்பிப்பிலிருந்து இந்தப் பெயர்ப் பொருத்தம் இயல்பாகச் சோதிக்கப்படுகிறது. அதுவரை ஐபி வைத்து ஓடிய பல செயலிகள் அன்றைக்கு நின்றன. இந்த இடத்தில் இணையத்தில் எங்கும் கிடைக்கும் அறிவுரை, சான்றிதழ்ச் சோதனையையே அணைத்துவிடு என்பது. அணைத்தால் வேலை செய்யும், உண்மைதான். நடுவில் நுழைந்து டைரக்டரி போல நடிக்கும் எந்த இயந்திரத்துக்கும் ஊழியர்களின் கடவுச்சொல் தெளிவான எழுத்தில் போகும் என்பதும் உண்மை.

389-இல் டிஎல்எஸ் இல்லாமல் ஓடிக்கொண்டிருப்பதைத் தற்காலிகமாகக்கூட நீட்டிக்க வேண்டாம் என்பேன். சாதாரண பைண்டில் கடவுச்சொல் எந்த மறைப்பும் இல்லாமல் வலையில் செல்கிறது. மைக்ரோசாஃப்ட் 2019 ஆகஸ்டில் இது பற்றிய பாதுகாப்பு அறிவிக்கை வெளியிட்டு, வழியில் செய்தி மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்யும் எல்டேப் கையொப்பத்தைக் கட்டாயமாக்கும்படி நிர்வாகிகளுக்குப் பரிந்துரைத்தது. உங்கள் நிர்வாகி அதைச் செய்த நாளில், மறைப்பில்லாத பைண்டுக்கு 8 என்ற விடை, அதாவது இதைவிட வலுவான முறை தேவை என்ற விடை வரத் தொடங்கும். 389-இலேயே ஸ்டார்ட்-டிஎல்எஸ் வழியாக மறைப்புக்கு மாறிக்கொள்ளவும் வழி உண்டு. சான்றிதழ்த் தேவை அதற்கும் இதேதான்.

49-ஆம் பிழைக்குள் இருக்கும் செய்தியைப் பலர் படிக்காமலே விட்டுவிடுகிறார்கள். எல்டேப் தரத்தின்படி 49 என்றால் தகவல் பொருந்தவில்லை என்பது மட்டுமே. ஆனால் ஆக்டிவ் டைரக்டரி அதனோடு அனுப்பும் நீண்ட வரியின் கடைசிப் பகுதியில் டேட்டா என்ற சொல்லுக்குப் பின் ஒரு பதினறும எண் இருக்கும். 52இ (52e) என்றால் கடவுச்சொல் தவறு. 525 என்றால் அப்படிப் பயனரே இல்லை. 532 கடவுச்சொல் காலாவதி, 773 அடுத்த முறை நுழையும்போது மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை, 533 முடக்கப்பட்ட கணக்கு, 701 கணக்கின் ஆயுள் முடிந்தது, 775 பூட்டப்பட்டது. 530 வந்தால் அவருக்கு அனுமதிக்கப்படாத நேரம். 531 வந்தால், குறிப்பிட்ட சில கணினிகளில் மட்டுமே அவர் நுழையலாம் என்று கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறார். இந்த 531 வந்தால் அந்தப் பயனரின் கணினியைச் சோதித்துப் பயனில்லை. நிர்வாகி வைத்த கட்டுப்பாட்டைத்தான் பார்க்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்கள் 773-இல் நிற்பதும் மிக இயல்பு. சாதாரண பைண்ட் அவர்களை மாற்றும் திரைக்கு அழைத்துச் செல்லாது. செயலிதான் எங்கே போய் மாற்ற வேண்டும் என்று சொல்ல வேண்டும். 52இ, 525 இரண்டுக்கும் மட்டும் பயனருக்கு ஒரே வாசகத்தைக் காட்டுங்கள், இல்லையென்றால் யார் யார் நிறுவனத்தில் இருக்கிறார்கள் என்று வெளியாள் ஒருவர் பெயர்களைப் போட்டுப் பார்த்தே அறிந்துகொள்வார். லாகில் உண்மையான எண்ணை எழுதுங்கள்.

கன்ட்ரோலர்கள் இரண்டு இருந்தால் ஒன்று விழுந்தபோது மற்றொன்றைக் கேட்பது நல்ல ஏற்பாடு. ஆனால் எப்போது மாற வேண்டும் என்பதில் பிழை நேர்கிறது. இணைப்பு கிடைக்காவிட்டால் மாறலாம். 49 வந்தால் மாறக் கூடாது. அது தெளிவான பதில். அதற்குப் பிறகும் இரண்டாவது கன்ட்ரோலரிடம் போய்க் கேட்டால், பயனர் ஒருமுறை தவறாகத் தட்டியது தவறான முயற்சிகள் இரண்டாகக் கணக்காகும். ஐந்து தவறுக்குப் பூட்டு என்ற கொள்கை உள்ள நிறுவனத்தில் மூன்றாவது முறையிலேயே அவர் கணக்கு பூட்டப்படும், செயலியில் மட்டுமல்ல, கணினி, மின்னஞ்சல் எல்லாவற்றிலும். இதே காரணத்தால், செயலி இணையத்தில் வெளியே தெரியும்படி இருந்தால், ஒரு பெயருக்கு இத்தனை முயற்சி என்ற வரம்பை டைரக்டரியின் வரம்புக்குக் கீழே வைக்க வேண்டும். இல்லையென்றால் விடுப்புச் செயலியின் முகப்புப் பக்கத்திலிருந்தே ஒருவர் நிறுவனம் முழுவதையும் பூட்டிவிட முடியும். காத்திருக்கும் நேரத்துக்கும் வரம்பு வையுங்கள். நான்கைந்து நொடியில் பதில் வராத கன்ட்ரோலருக்காக கோரிக்கைகளைக் கவனிக்கும் வலைச் சர்வரின் எல்லாச் செயல்முறைகளும் வரிசையில் நின்றால் லாகின் செய்துவிட்டவர்களும் வேலை செய்ய முடியாது.

செயலியின் பயனர் அட்டவணையை எந்தச் சாவியால் டைரக்டரியோடு கட்டுவது என்பதற்கு, பெரும்பாலோர் யோசிக்காமல் பயனர் பெயர் என்று விடை சொல்வார்கள். பெயர் மாறும். திருமணத்துக்குப் பின்னும், எழுத்துக்கூட்டல் திருத்தத்திலும், கிளை நிறுவனம் இணையும்போதும் மாறும். அதைவிட மோசம், போனவரின் பெயர் சில ஆண்டு கழித்து அதே பெயருள்ள புதியவருக்குத் தரப்படும்; புதியவர் முதல் நாளே பழையவரின் செலவுப் பட்டியல்களைப் பார்ப்பார். ஆக்டிவ் டைரக்டரியில் ஆப்ஜெக்ட்-ஜியுஐடி என்ற 16 பைட் அடையாளம் பதிவு உருவாகும்போது தரப்பட்டு, பெயர் மாறினாலும் ஓயு மாறினாலும் மாறாமல் இருக்கும். ஓபன்எல்டேப்பில் என்ட்ரி-யுயுஐடி அந்த இடத்தில் இருக்கிறது. அதைச் சாவியாக வையுங்கள். பைட்டுகளை எழுத்தாக மாற்றும்போது முதல் மூன்று பகுதிகள் தலைகீழ் வரிசையில் இருக்கும் என்பதை மறந்தால், நிர்வாகியின் திரையில் தெரியும் ஜியுஐடியும் உங்கள் அட்டவணையில் உள்ளதும் ஒருபோதும் பொருந்தாது.

பெயரைக் காட்டுவதற்கும் பயனர் தட்டியதை எடுக்காமல் டைரக்டரி திருப்பித் தந்ததை எடுக்க வேண்டும். ஆக்டிவ் டைரக்டரிக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றே. உங்கள் தரவுத்தளத்துக்கு வேறுவேறு. தட்டியதை அப்படியே வைத்தால் ஒரே கவிதாவுக்கு இரண்டு கணக்கு முளைத்து, ஒன்றில் விடுப்பு மீதம் இருக்கும், மற்றதில் இருக்காது. குடும்பப்பெயர்ப் பண்பையும் நம்பி எதையும் கட்டாதீர்கள். ஓபன்எல்டேப்பில் பர்சன் என்ற வகைக்குக் குடும்பப்பெயர் கட்டாயம். இனிஷியல் மட்டுமே உள்ள நம் பெயர்களுக்கு அந்த இடத்தில் ஓர் எழுத்தோ, ஒரு புள்ளியோ, முழுப்பெயர் மறுபடியுமோ போட்டு நிரப்பியிருப்பார்கள். டிஸ்ப்ளே-நேம் இருந்தால் அதைக் காட்டுவதே மரியாதை.

மூன்றாவது கேள்வியான உரிமைகள் குழுக்களோடு தொடர்புடையவை. மெம்பர்-ஆஃப் என்ற பண்பு ஒருவர் நேரடியாகச் சேர்ந்த குழுக்களை மட்டும் காட்டும். கணக்குப் பிரிவு என்ற குழு நிதி என்ற பெரிய குழுவுக்குள் இருந்தால், கவிதாவின் பண்பில் நிதி தெரியாது. டொமைன் யூசர்ஸ் போன்ற முதன்மைக் குழுவும் அந்தப் பட்டியலில் வராது. உள்ளடங்கிய குழுக்களையும் தேட 1.2.840.113556.1.4.1941 என்ற எண்ணுள்ள பொருத்த விதியை ஃபில்டரில் சேர்க்கலாம். ஜாங்கோ நூலகத்தில் இதற்கென உள்ளடங்கிய ஆக்டிவ் டைரக்டரிக் குழு என்ற வகை தனியாக இருக்கிறது. பெரிய டைரக்டரியில் இந்தத் தேடல் மெதுவாக நடக்கும். டோக்கன்-குரூப்ஸ் என்ற பண்பை அந்த ஒரு பதிவில் மட்டும் கேட்டால், உள்ளடங்கியவையும் முதன்மைக் குழுவும் சேர்த்துப் பாதுகாப்பு அடையாள எண்களாக வந்துவிடும். எண்களை நீங்கள் பெயராக மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஆனால் டைரக்டரியின் குழுக்கள் எல்லாவற்றையும் செயலிக்குள் பிரதி எடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. அங்கே கோப்புப் பகிர்வுக்காகவும் அச்சுப்பொறிக்காகவும் உருவான நூற்றுக்கணக்கான குழுக்கள் இருக்கும். இந்தச் செயலிக்கென்று இரண்டு மூன்று குழுக்களைக் கேட்டு வாங்கி, எந்தக் குழு எந்தப் பாத்திரம் என்ற சிறு அட்டவணையைச் செயலிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். யார் யாருடைய விடுப்பை அனுமதிக்கலாம் என்பது போன்ற நுண்ணிய விதிகள் செயலிக்கே உரியவை. அவற்றை டைரக்டரிக்குள் திணித்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் சிஸ்டம் நிர்வாகிக்கு டிக்கெட் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

லாகின் நடந்த பிறகு என்ன என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஒருவரை மதியம் வேலையிலிருந்து நீக்கி அவர் கணக்கை முடக்கினால், காலையில் அவர் திறந்த செயலியின் அமர்வு அப்படியே இருக்கும். ஜாங்கோவின் இயல்பான அமர்வு இரண்டு வாரம் நீடிக்கும். அமர்வை ஒரு வேலைநாள் அளவுக்குக் குறைப்பதோடு, கால் மணிக்கு ஒருமுறை சேவைக் கணக்கால் முடக்கப்பட்டவர்களைப் பார்த்து அவர்களுடைய அமர்வுகளை அழிக்கும் சிறு வேலை ஒன்றையும் ஓட விடலாம். யூசர்-அக்கவுண்ட்-கன்ட்ரோல் என்ற எண்ணில் 2 என்ற பிட் ஏறியிருந்தால் முடக்கப்பட்ட கணக்கு. அதனால்தான் சாதாரணக் கணக்கு 512 என்றும் முடங்கியது 514 என்றும் தெரிகிறது. இப்படி எல்லாரையும் தேடும்போது ஒரே பதிலில் 1000 பதிவுகளுக்கு மேல் இயல்பாக வராது. பக்கம் பக்கமாகக் கேட்கும் முறையைப் பயன்படுத்தாவிட்டால் மீதிப் பேர் கண்ணில் படாமலே போவார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது: உங்கள் நிறுவனத்தில் மைக்ரோசாஃப்டின் என்ட்ரா ஐடியோ, ஏடிஎஃப்எஸ்ஸோ, கீக்ளோக் போன்ற அடையாளச் சர்வரோ ஏற்கெனவே ஓடுகிறதா? ஓடினால் எல்டேப்பை நேரடியாகத் தொடாமல் லாகினை வேறொரு சர்வரிடம் ஒப்படைக்கும் தரமான ஓபன்ஐடி கனெக்ட் வழியாக லாகினை அங்கே அனுப்பிவிடுவதே என் பரிந்துரை. எல்டேப் முறையில் உங்கள் செயலி ஒவ்வோர் ஊழியரின் கடவுச்சொல்லையும் ஒரு கணமாவது கையில் வாங்குகிறது. செயலியில் ஓட்டை இருந்தால் அது கசியும். ஓபன்ஐடி கனெக்டில் கடவுச்சொல் உங்களிடம் வருவதே இல்லை, கைபேசி வழி இரண்டாம் சரிபார்ப்பும் உங்கள் பக்கம் ஒரு வரி எழுதாமலே கிடைக்கிறது. அப்படி எதுவும் இல்லாமல் அறையின் மூலையில் இரண்டு கன்ட்ரோலர்கள் மட்டுமே இருக்கும் நிறுவனத்துக்கு, ஒரே ஒரு செயலி என்றால், எல்டேப் தவறல்ல. இரண்டாவது, மூன்றாவது செயலியும் வரப்போகிறது என்றால் கீக்ளோக்கை நடுவில் வைத்து, அதை மட்டும் எல்டேப்போடு பேசவிடுங்கள்.

மாற்றும் நாளுக்கான வேலை அதிகம் இல்லை. பழைய பயனர்களை டைரக்டரியோடு பொருத்தும்போது மின்னஞ்சல் ஒத்துப்போகிறது என்பதற்காகத் தானாக இணைத்துவிடாமல், பட்டியலை எடுத்து மனிதவளப் பிரிவில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். டைரக்டரியே விழுந்த நாளில் உள்ளே போக, செயலிக்கென்று சொந்தக் கடவுச்சொல் கொண்ட ஒரே ஒரு நிர்வாகிக் கணக்கை வைத்து, அது பயன்பட்டால் உடனே தகவல் போகும்படி செய்யுங்கள். மற்ற எல்லாருடைய பழைய கடவுச்சொல் ஹாஷ்களையும் அழித்துவிடுங்கள். விட்டுவைத்தால் டைரக்டரி மறுத்தவரை ஜாங்கோவின் பழைய வழி உள்ளே விட்டுவிடும், ஏனென்றால் பட்டியலில் உள்ள சரிபார்ப்பு முறைகளை அது ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே போகும். சோதனைக்கு நிர்வாகியிடம் முடக்கியது, காலாவதியானது, பூட்டியது, உள்ளடங்கிய குழுவில் மட்டும் இருப்பது, பெயரில் காற்புள்ளியும் அடைப்புக்குறியும் உள்ளது எனச் சில கணக்குகளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒருமுறை சரியான கடவுச்சொல்லோடும், ஒருமுறை தவறானதோடும், ஒருமுறை காலியாகவும் முயன்று பாருங்கள்.